ஐந்தாம் ரிச்சர்டும் எஃப்5 குதிரையும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. சதுரங்க வீரர் ரிச்சர்ட் டைக்மன் ஆட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஒரே ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன், பலகையை எடுத்து வைத்துக்கொள்.

ஆள் யாரென்று உனக்கே தெரியும். 1868-ல் ஜெர்மனியில் ஆல்டன்பர்க் பக்கம் பிறந்தவர். 1892-ல் லண்டன் போய் மொழிப் பாடம் நடத்தியே பத்து வருஷம் ஓட்டினார். ஒரு கண்ணில் பார்வை கிடையாது. அடிக்கடி ஐந்தாம் இடத்தில் முடிப்பார் என்பதால் 'ஐந்தாம் ரிச்சர்ட்' என்று கேலிப்பெயர் வேறு. 1911-ல் கார்ல்ஸ்பாட் சதுரங்கப் போட்டியில்தான் அந்தப் பெயருக்குப் பதில் சொன்னார்: 26 பேர், 25 ஆட்டம், 18 புள்ளி, முதலிடம். ரூபின்ஸ்டைனும் ஷ்லெக்டரும் ஒரு புள்ளி பின்னால். இருவரையும் வீழ்த்தியது ரூய் லோபஸ் என்ற தொடக்க முறையின் ஒரே வழிதான்.

ஷ்லெக்டரோடு ஆடியதைப் பார். டைக்மன் வெள்ளை, ஷ்லெக்டர் கறுப்பு. (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை.) வெள்ளை அவசரப்படாமல் சிப்பாயை டி3-ல் வைக்கிறது, டி4-ல் இல்லை. அதனால் ஈ4 சிப்பாய் அசையாமல் நிற்கிறது. கறுப்பு 13-வது நகர்த்தலில் பிஷப்பை பி7-க்குக் கொண்டுபோனதுதான் என் கணக்கில் கோளாறின் ஆரம்பம். அங்கே அது ஈ4-ஐ முட்டிக்கொண்டு சும்மா நிற்கும். எஃப்5-க்கு இருந்த காவலும் போச்சு. உடனே வெள்ளைக் குதிரை எஃப்5-ல் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் கறுப்பு, எஃப்6 குதிரையை டி7, எஃப்8, ஜி6 என்று சுற்றவிட, எச்7-க்கும் ஆளில்லை.

இதற்குள் வெள்ளையின் ஒரு பிஷப் ஜி5-லும் இன்னொன்று டி5-லும் வந்து நிற்கின்றன. 18-வது நகர்த்தலில் ஜி5 பிஷப் ஈ7 பிஷப்பை வெட்டுகிறது. திருப்பி எதால் வெட்டுவது? யானையால் வெட்டினால் எஃப்5 குதிரை அந்த யானையைத் தின்னும். சி6 குதிரையால் வெட்டினால், பி7-ல் பிஷப்புகள் மாறியபின் வெள்ளைக் குதிரை டி6 சிப்பாயைத் தின்று ராணிக்கும் யானைக்கும் சேர்த்துக் குறிவைக்கும். மிச்சம் ஜி6 குதிரைதான். அதுவும் நகர்ந்ததும் டி5 பிஷப் எஃப்7 சிப்பாய்மேல் விழுகிறது. ராஜா வெட்ட, குதிரை ஜி5 செக், ராணி எச்5, பிறகு எச்7 சிப்பாயும் போகிறது. கணக்குப் பார்த்தால் ஒரு பிஷப்புக்கு இரண்டு சிப்பாய்தான். ஆனால் கறுப்பின் காய்கள் ராணிப் பக்கமே கிடக்கின்றன. 25-ல் யானை ஈ3 வந்ததும் ஷ்லெக்டர் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டார். அடுத்து யானை எஃப்3, ராணி எச்7-ல் மேட்.

ஐம்பது தாண்டியும் கை தளரவில்லை. 1921-ல், பின்னாளில் உலகச் சாம்பியனான அலெகினோடு ஆறு ஆட்டம் ஆடி 3-3 சமன் செய்தார். 1925-ல் பெர்லினில் காலமானார்.

17-வது நகர்த்தலில், டி5-க்கு பிஷப் வந்த நிலையை அடுக்கிப் பார். குதிரையை ஜி6-க்குக் கொண்டுபோனதற்குப் பதிலாகக் கறுப்புக்கு நல்ல நகர்த்தல் ஏதாவது பட்டால் எழுது.

அன்புடன்,
ரகு