கேட்டது இரண்டை, வாங்கியது ஒன்றை

ஹான்வெல், லண்டன்
ஞாயிறு மாலை

அன்புள்ள பாஸ்கர்,

பத்து நாள் தாமதமாகப் பதில் எழுதுகிறேன், திட்டாதே. சுதாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். தெரிந்ததும் முதல் வேலையாக என் பட்டறை அறையில் எவ்வளவு தூசி என்று கண்டுபிடித்துவிட்டாள். போன வாரம் முழுக்க ஆம்ப்களை, அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டிகளை, நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக்கொண்டிருந்தேன். மற்றபடி சுகம். முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது.

சரி, உனக்கு வாங்கலாம் என்று உன் மாப்பிள்ளை நியூஜெர்சியில் பார்த்துவிட்டு வந்த கிட்டாருக்கு வருகிறேன். நீ அனுப்பிய பதினொரு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் வாசித்துப் பதிவு செய்ததை நாலு முறை கேட்டேன். '1964 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், கேட்கும்போதே தெரிகிறது' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு என்ன தெரிகிறது தெரியுமா? ஆறாவது படத்தின் இடது மூலையில், சோபாவுக்குப் பக்கத்தில், ஒரு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் இருக்கிறது. கறுப்பு முகப்பு, வெள்ளி நிறத் துணி. அறுபதுகளின் நடுவில் வந்த வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டர் இல்லை, பழைய கண்ணாடிக் குழல்), 22 வாட், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். கிட்டாரின் வயர் போய் முடிவது அதில்தான். அதில் செருகினால் நம் கிவ்சன்கூடப் பாடும்டா.

கிவ்சன் ஞாபகம் இருக்கிறதா, நம் ஊர் மலிவுக் கிட்டார்? மேடைக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது அமெரிக்காவின் பெரிய கம்பெனி கிப்சன். கிட்டே வந்து படிப்பவர்களுக்குத்தான் நடுவில் 'வி' இருப்பது தெரியும். அதை உன் அண்ணன் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த டிரான்சிஸ்டர் பெட்டியில் செருகி வாசித்தோம். கிட்டார் மட்டம் என்று பத்து வருஷம் திட்டினோம். பெட்டியை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதே தப்பை நான் இங்கே வந்தும் செய்தேன். இதை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை, வெட்கம்தான் காரணம். 1996இல் கென்ட் பக்கம் ஒருவர் வீட்டில் ஒரு 1966 ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டாரைப் பார்த்தேன். அவர் அதை வாக்ஸ் ஏசி30 என்ற வால்வு ஆம்பில் செருகிக் கொடுத்தார். மூன்று ஸ்வரம் வாசித்தேன், பேரம்கூடப் பேசவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து என் சின்ன டிரான்சிஸ்டர் ஆம்பில் செருகினால், தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம். ஏமாற்றிவிட்டான் என்று அந்த நல்ல மனிதரை மனசுக்குள் வைதேன். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் செத்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, தொழிற்சாலையில் வைத்த ஈயத்தை உருக்கிக் கழற்றிப் புதுசு போட்டேன். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்களையும் மாற்றினேன். பழைய பாட்கள் குப்பைக்குப் போயின. இரண்டு வருஷம் கழித்து ஒரு நண்பர் வீட்டில், கழற்றி வைத்திருந்த பழைய பிக்கப்பைத் திரும்பப் போட்டு ஏசி30இல் வாசித்தபோதுதான், கென்ட்டில் கேட்ட அதே சத்தம் வந்தது. பிக்கப்புக்கு ஒரு குறையும் இல்லை. முப்பது வருஷமாக யாரும் தொடாமல் இருந்த ஒயரிங்கைத் தொட்டவன் நான்.

ஏசி30 ஒரு மாதிரியான பிறவி. நாலு இஎல்84 வால்வு, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். மற்ற ஆம்ப்களில் வெளிவரும் ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டு அதை அடக்கி ஒழுங்குபடுத்துவார்கள். இதில் அந்தக் கடிவாளம் கிடையாது. அதனால் மேல்ஸ்வரங்கள் தெறித்துக்கொண்டு வரும். தம்புராவில் ஜீவா நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தினதும் கம்பி 'ஜொய்ங்' என்று விரியுமே, வால்வு லேசாகத் திணற ஆரம்பிக்கும் இடத்தில் அந்த மாதிரி ஒன்று நடக்கிறது. கம்பி அதே கம்பிதான், மேலே அனுஸ்வரங்கள் வந்து சேர்ந்துகொள்கின்றன. எந்த அளவில் சேரும் என்பது ஆம்புக்கு ஆம்ப் வேறு.

நான் குடியிருக்கும் இந்த ஹான்வெல்லிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. உக்ஸ்பிரிட்ஜ் சாலை 76ஆம் எண்ணில்தான் ஜிம் மார்ஷல் 1960இல் கடை வைத்தார். அவர் டிரம்ஸ் வாத்தியார், கடையும் டிரம்ஸ் கடை. பின்னால் 'தி ஹூ' குழுவில் பெயர் வாங்கிய பீட் டவுன்ஷென்ட் போன்ற இளவட்டங்கள் வந்து, கிட்டார் ஆம்பும் வையுங்கள் என்று நச்சரித்தார்கள். அமெரிக்க ஃபெண்டர்களை இறக்கினால் விலை எக்கச்சக்கம். அதனால் 1962இல் கடையின் ரிப்பேர்காரர் கென் பிரானும், டட்லி கிரேவன் என்ற சின்னப் பையனும் சேர்ந்து, ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்து ஜேடிஎம்45 என்று ஒன்றைச் செய்தார்கள். பேஸ்மேன், பெயரே சொல்வதுபோல, பேஸ் கிட்டாருக்காகச் செய்தது.

சர்க்யூட் ஒன்றேதான். ஆனால் இங்கே கிடைத்த சாமான் வேறு. முதல் வால்வு அங்கே 12ஏஒய்7. இவர்கள் போட்டது அதைவிட அதிகம் பெருக்கும் இசிசி83. கடைசி வால்வு அங்கே 5881, இங்கே கொஞ்ச நாளிலேயே கேடி66. அங்கே பின்பக்கம் திறந்த பெட்டியில் நாலு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர். இங்கே நாலு 12 அங்குல செலஸ்டியன், அதுவும் பின்பக்கம் பலகை வைத்து அடைத்த பெட்டியில். என் நண்பர் வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கிட்டாரை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்திருக்கிறேன். பேஸ்மேன் கண்ணாடி மாதிரி மினுங்கியது. மார்ஷல் தொண்டையிலிருந்து பேசியது. கண்ணைக் கட்டிவிட்டால் கிட்டாரையே மாற்றிவிட்டார்கள் என்று சத்தியம் செய்வாய்.

இதிலிருந்து வந்ததுதான் இந்தப் பழைய கிட்டார் வியாபாரமே என்று எனக்கு ஓர் எண்ணம். கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டை சன்பர்ஸ்ட் நிறத்தில் 1958 முதல் 1960 வரை செய்தார்கள். சரியாக விற்கவில்லை, 61இல் உருவத்தையே மாற்றிவிட்டார்கள். 1966இல் எரிக் கிளாப்டன், ஜான் மேயாலின் குழுவில் அப்படியொரு லெஸ் பாலை ஒரு மார்ஷலில் செருகி, அறை அதிர வைத்து ஓர் இசைத்தட்டுப் பதிவு செய்தார். கேட்டவன் எல்லாம் அந்த மாடலைத் தேடிக் கிளம்பினான். 68இல் கிப்சன் லெஸ் பாலைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தது. இன்று ஒரு 59 சன்பர்ஸ்ட் லட்சக்கணக்கான டாலர். அந்த மார்ஷல் ரகத்துக்கும் நல்ல விலைதான், ஆனால் கிட்டாருக்குப் பக்கத்தில் நிற்காது. ஜனங்கள் கேட்டது இரண்டையும் சேர்த்து. விரட்டிக்கொண்டு ஓடியது ஒன்றை.

கிட்டாரில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வைத்திருந்த லெஸ் பாலில் கழுத்துப்பக்கப் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று வெட்டி, மூக்கால் அழுகிற மாதிரி ஒரு குரல் வரும். அதை எந்த ஆம்பில் செருகினாலும் அந்த மூக்கு போகாது. பிறகு அது கேரி மூரிடம் போய், இப்போது மெட்டாலிகாவின் கர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது. கிட்டாருடைய சொந்தக் குணம் என்றால் அப்படி, பெட்டி மாறினாலும் கூடவே வர வேண்டும். உன் மாப்பிள்ளை கேட்டதில் எது கூட வரும், எது அந்த சோபாவுக்குப் பக்கத்திலேயே தங்கிவிடும் என்பதுதான் கேள்வி.

அதனால் அவரை இன்னொரு முறை போகச் சொல். முதலில் செருகாமல், வெறுமனே வாசிக்கட்டும். கிட்டார் உடம்பின் கொம்பை நெற்றியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி, எது சட்டென்று செத்துவிடுகிறது என்று பார்க்கட்டும். அப்புறம் தன் ஆம்பைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், அதில் வாசிக்கட்டும். அது சுமாரான ஆம்ப் என்றால் நல்லதுதான், அவருக்கு அதன் முகம் பழக்கம். எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப்பை அணைத்துவிடச் சொல். கடைசியாக விற்பவரின் டீலக்ஸிலேயே ஒரு வேடிக்கை: வயரை ஒன்றாம் ஓட்டையிலிருந்து இரண்டாம் ஓட்டைக்கு மாற்றினால் போதும். சத்தம் குறையும், மினுக்கும் மங்கும். அங்கே உள்ளே இருக்கும் மின்தடைகள் பிக்கப்பின் மேல் கூடுதல் சுமையாக உட்காருகின்றன. நீளமான வயரும் மினுக்கை மங்கவைக்கும். ஓட்டையை மாற்றினதற்கே இந்தக் கதி என்றால், ஆம்பையே மாற்றினால் என்ன ஆகும் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

இப்போது படங்கள். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இதற்கு ஒரு வீட்டின் முன்பணம் கேட்கிறார்கள், தாராளமாகப் பார்க்கலாம். கழுத்தைக் கழற்றி எடுத்த படத்தில் '2 மார்ச் 64 பி' என்று முத்திரை. மார்ச் 2 என்று நீ படித்திருக்கிறாய். அந்த 2 தேதி இல்லை, மாடலின் எண். கடைசி 'பி' கழுத்தின் அகலம். முத்திரை நம்பும்படி இருக்கிறது, தலையில் உள்ள மெல்லிய எழுத்து லோகோவும் அந்த மாதத்துக்குப் பொருந்துகிறது. ஆக கழுத்து 64 என்று வைத்துக்கொள்வோம்.

எட்டாவது படத்தில்தான் எனக்கு உறுத்தியது. பாட்களின் முதுகில் 1376621 என்று அச்சடித்திருக்கிறது. 137 செய்த கம்பெனி, அதாவது சிடிஎஸ். 66 வருஷம். 21 அந்த வருஷத்தின் வாரம். 1966 மே மாதம் பிறந்த பாட், 1964 மார்ச்சில் செய்த கிட்டாருக்குள் எப்படிப் போகும்? பாட் பழையதாகவும் கிட்டார் புதியதாகவும் இருந்தால் பரவாயில்லை, கிடங்கில் கிடந்ததைப் போட்டிருப்பார்கள். 66இல் செய்த பாட்கள் அடுத்த சில வருஷத்து ஃபெண்டர்களில் சர்வசாதாரணம். தலைகீழாக நடக்காது. ஒன்று, யாரோ என்னைப் போன்ற ஒரு புத்திசாலி பாட்களை மாற்றியிருக்கிறான். இல்லை, 64 கழுத்தைப் பிற்பாடு வந்த உடம்பில் பூட்டியிருக்கிறார்கள். அந்த ஈயப்பற்றும் பளபளப்பாக இருக்கிறது, அறுபது வருஷத்து ஈயம் இப்படி மினுங்காது.

எது என்று தெரிய இரண்டு படம் வேண்டும். கழுத்தை இறுக்கும் பின்தகடு உன் படங்களில் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. எண் 'எல்' என்று தொடங்கினால் 63இலிருந்து 65 வரைக்குள் வரும். தகட்டில் பெரிய 'எஃப்' பொறித்திருந்தால் 65 கடைசிக்குப் பிறகு. 65 ஜனவரியில் சிபிஎஸ் கம்பெனி ஃபெண்டரை வாங்கின பிற்பாடு வந்தது. இந்த வியாபாரத்தில் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. இரண்டாவது, பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கி, அடியில் உடம்பில் சின்ன ஆணித் துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல். அந்தக் காலத்தில் நாலு ஆணி அடித்து, அதன்மேல் கிட்டாரை நிறுத்திப் பெயின்ட் காயவைப்பார்கள். காய்ந்த பிறகு பிடுங்கினால் துளையில் வெறும் மரம் தெரியும். துளைக்குள் பெயின்ட் நிரம்பியிருந்தால் மறுபடி அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மறு பெயின்ட் என்றால் விலை பாதி என்பது இங்கே பொதுக்கணக்கு. வாசிப்பவனுக்கு அதுவே லாபம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நல்லதாகவே அமைந்தாலும் ஒரு தொல்லை இருக்கிறது. 64 ஸ்ட்ராட்டின் விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட். அந்த மரத்தை 1992 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் மிகக் கடுமையான பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோக, பழையது என்று நிரூபிக்கும் அனுமதிச் சான்று வேண்டும். பெட்டியில் வைத்து விமானம் ஏறிவிடலாம் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தால், சொல்லிவிடு.

பாஸ்கர், உனக்கு அறுபத்தி நாலு வயது. இன்னும் எத்தனை வருஷம் விரல் வளையும் என்று நாமிருவரும் கணக்குப் போடுகிற காலம். உன்னிடம் இருக்கும் ஜப்பான் ஸ்ட்ராட் நல்ல கிட்டார். போன தடவை வந்தபோது நானே வாசித்தேன், கழுத்து நேராக இருக்கிறது. அதை நீ செருகுவது, மன்னித்துக்கொள், ஒரு பொம்மையில்.

ஆகவே மாப்பிள்ளையை வேறொரு கேள்வி கேட்கச் சொல். கிட்டாரை அப்புறம் பார்க்கலாம், அந்த டீலக்ஸ் ரிவெர்ப்பை அந்த வீட்டுக்காரர் விற்பாரா? கிட்டாருக்குச் சொல்லும் விலையில் ஒரு சின்னப் பங்குதான் வரும். சரி என்றால், ஸ்பீக்கரின் விளிம்பில் அச்சடித்த எண்ணை எனக்கு அனுப்பு. 465 என்று தொடங்கினால் ஆக்ஸ்ஃபோர்டு, 220 என்றால் ஜென்சன். பிளக்கில் இரண்டு முள்தானா, மூன்றா என்றும் பார்க்கச் சொல். இரண்டுதான் என்றால், எர்த் வைத்து மூன்றாக மாற்றும்வரை அதில் கிட்டாரைச் செருகி வாசிக்கவே வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும், அணைத்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கன்டென்சரில் தங்கும். ஆகவே பின்பலகையை ஆர்வத்தில் கழற்றிவிடாதே. பழைய கன்டென்சர்கள் காய்ந்திருந்தால் உர்ரென்று உறுமும். அதை மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் 'ஒரிஜினல்' பார்க்காதே.

சென்னையில் அதற்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ரிச்சி தெருவில் வாங்கு, 300 வாட்டுக்குக் குறையாமல். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அது 60க்குச் செய்தது. அதனால் ஆம்பின் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அமெரிக்காவில் இருந்ததைவிடச் சூடாகும். முதல் நாள் அரைமணிக்கு ஒரு தரம் மேலே கையை வைத்துப் பார். கை தாங்கவில்லை என்றால் அணைத்துவிட்டு எனக்கு போன் போடு.

உன்
முரளி