செயலாளர் ஆண்டறிக்கை: புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் குறுஞ்செய்திப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இவ்வாண்டும் மாதந்தோறும் கூடியது. மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் கூட்டம் வழக்கம்போல் நடந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். ஆண்டு முழுவதும் நம் தொண்டர்களின் உழைப்பைப் பெருமளவு பெற்றுக்கொண்ட குறுஞ்செய்திப் பணியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

"செல்பேசியில் நாலு வரி அனுப்பினால் சிகரெட்டை விட்டுவிடுவார்களா?" என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரிட்டனில் 5,800 பேரைச் சேர்த்து இதைச் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். புகையை விடுவதற்கான செய்திகள் பெற்றவர்களில் 10.7 விழுக்காட்டினர் ஆறு மாதம் புகைக்காமல் இருந்தார்கள். அத்தகைய செய்திகள் பெறாதவர்களில் 4.9 விழுக்காட்டினர்தான் அப்படி இருந்தார்கள். வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் உமிழ்நீரைப் பரிசோதித்து உறுதி செய்த கணக்கு இது. நியூசிலாந்தில் இதற்கு முன்பே, 2005இல், இளைஞர்களை வைத்து நடத்திய ஆய்வும் இதே திசையைக் காட்டியது. இந்திய அரசு 2016இல் தொடங்கிய இத்தகைய குறுஞ்செய்தித் திட்டத்தில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தாலே சேர்ந்துவிடலாம்.

பத்தில் ஒன்பது பேர் இன்னும் புகைக்கிறார்களே என்றும் அந்தக் கணக்கைப் படிக்கலாம். எனக்கோ, இவ்வளவு குறைந்த செலவில் வெற்றி இரு மடங்குக்கு மேல் ஆனதே பெரிதாகப் படுகிறது.

நாம் பின்பற்றும் முறை பெரும்பாலும் பிரிட்டன் முறைதான். சேருபவர் தாம் நிறுத்தப்போகும் நாளை முதலில் குறிப்பிட வேண்டும். முதல் ஐந்து வாரம் நாளுக்கு ஐந்து செய்திகள். அதன்பின் ஆறு மாதம் வாரத்துக்கு மூன்று. தொடக்கத்தில் ஏன் இத்தனை என்றால், நிகோடின் இல்லாமல் உடல் தவிக்கும் தவிப்பு முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். சில வாரங்களில் மெல்லத் தணியும். சிகரெட் நினைப்பு வந்து ஆட்டிவைப்பதும் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த நேரமானாலும் "ஏக்கம்" என்று ஒரு சொல்லை அனுப்பினால் உடனே ஒரு செய்தி போய்ச் சேரும்படி வைத்திருப்பது அதற்காகவே.

அச்சுறுத்தும் வாசகங்கள் வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது. புற்றுநோயைப் பற்றிப் புகைப்பவருக்கு நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியின் மேலேயே படம் இருக்கிறது. மூன்றாம் நாள் மாலை நாம் அனுப்புவது இது: "எரிச்சலும் தூக்கக் குறைவும் இருக்கிறதா? நிகோடின் இல்லாமல் இருக்க உடல் பழகிக்கொண்டிருக்கிறது. இன்று கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளும்படி வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்." அதிகப் பதில்கள் வந்தது இந்தச் செய்திக்குத்தான். சில பதில்களை வீட்டாரே எழுதியிருந்தார்கள்.

ஓர் இரவு ஒருவர், "ஒன்று பிடித்துவிட்டேன். இனி எனக்கு அனுப்ப வேண்டாம்" என்று எழுதினார். நம் தொண்டர் எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்: "ஒன்றோடு நிறுத்தியிருக்கிறீர்கள். பெட்டியில் மீதி இருந்தால் தண்ணீரில் நனைத்து இப்போதே குப்பையில் போட்டுவிடுங்கள். நாளைக் காலை ஒரே ஒரு செய்தி அனுப்புகிறோம். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறோம்." மறுநாள் காலைச் செய்திக்கு அவரிடமிருந்து வந்த பதில், "அனுப்புங்கள்." அவர் எண் இன்றும் பட்டியலில் இருக்கிறது. சறுக்கியவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் நம் வெற்றி விகிதம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவருக்குத்தான் நாம் அதிகம் தேவை.

செய்தி மட்டும் போதாத நிலையும் உண்டு. காலையில் கண் விழித்ததும் பற்றவைப்பவருக்கு தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங் கம், மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை ஆகியவையும் வேண்டியிருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மருந்தையும் ஆலோசனையையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது. குறுஞ்செய்தியும் அதில் இடம்பெற்றிருக்கிறது. எனவே மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் செய்தியை முதல் வாரத்திலேயே அனுப்புகிறோம்.

சேர்ந்தவர்களின் எண்களை எவருக்கும் தரக்கூடாது என்ற விதியில் தளர்வு கேட்டு வந்த கோரிக்கைகளைச் செயற்குழு ஏற்கவில்லை. இனியும் ஏற்கக்கூடாது என்பதே என் கருத்து.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தானாகப் போகும் செய்திகளுக்கு ஆள் தேவையில்லை. ஆனால் மனிதர் எழுதும் பதிலுக்கு மனிதர்தான் பதில் எழுத வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் அதற்கு ஆள் போதவில்லை. புகையை விட்டு ஓராண்டாவது ஆன உறுப்பினர்கள் வாரத்தில் ஓர் இரவை இதற்குத் தர முன்வந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடமுள்ள பதிவேட்டில் பெயர் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்