அது 19 சதவீதம், 19 ஓட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் அமெரிக்கக் கட்சிகளைப் பற்றி வந்த கட்டுரையில், "மூன்றாவது கட்சி என்பது அமெரிக்கர்களுக்கு நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் பொழுதுபோக்கு" என்று ஒரு வரி. மற்றதைப் பொறுத்துக்கொண்டேன், இந்த வரியை முடியவில்லை. பொழுதுபோக்கா? 2024-ல் டாலஸில் ஒரு கடை வாசலில் மூன்று சனிக்கிழமை மடக்கு மேஜை போட்டு ஒரு சுயேச்சைக்காகக் கையெழுத்து வாங்கினவன் நான். யாருக்காக என்று சொல்லப்போவதில்லை, அதற்கு வீட்டிலேயே இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

டெக்சஸில் அதிபர் தேர்தலுக்கு ஒரு சுயேச்சையின் பெயர் சீட்டில் ஏற அந்த வருடம் 1,13,151 கையெழுத்து வேண்டும். மார்ச்சில் பிரைமரி (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற உள்தேர்தல்), மே நடுவுக்குள் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். அதுமட்டுமா, பிரைமரியில் ஓட்டுப் போட்டவர் கையெழுத்துப் போட்டால் அது செல்லாது. என் தாளில் இருந்த 41 பேரில் 17 பேர் அப்படிப்பட்டவர்கள். அரசியலில் அக்கறை இருக்கிறவன்தானே பிரைமரிக்குப் போவான், அவனைத்தான் தள்ளிவைக்கிறார்கள்! மூன்றாவது வாரம் கடை மேலாளர் வந்து வாடிக்கையாளருக்குத் தொந்தரவு என்று மேஜையைத் தூக்கச் சொல்லிவிட்டார், அது வேறு கதை.

கட்டுரையாளர் இதில் ஒரு வார்த்தை எழுதவில்லை. "மக்கள் விரும்புவதில்லை", முடிந்தது. 1992-ல் அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோவுக்கு ஓட்டுப் போட்ட சுமார் 1.97 கோடிப் பேர் யாராம்? அப்போது நான் விசாவில் இருந்தேன், ஓட்டு கிடையாது. அறைத்தோழர்களோடு உட்கார்ந்து, அந்த மனிதர் அட்டை அட்டையாகக் காட்டி அரை மணி நேரம் பட்ஜெட் பற்றாக்குறை விளக்கியதை டிவியில் பார்த்தேன். கிட்டத்தட்ட 19 சதவீத ஓட்டு வாங்கியும் எலக்டோரல் ஓட்டு ஒன்றுகூட இல்லை. அதிபரை முடிவு செய்வது அந்த ஓட்டுதான், அதைப் பெரும்பாலான மாநிலங்களில் முதலில் வருகிறவருக்கே மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். 1968-ல் மூன்றாவது கட்சி வேட்பாளர் ஜார்ஜ் வாலஸ் வாங்கியது 13.5 சதவீதம்தான், ஆனால் தெற்கே ஐந்து மாநிலங்களில் குவிந்திருந்ததால் அங்கிருந்தே 45 எலக்டோரல் ஓட்டு கிடைத்தது. ஊரெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்திருந்தால் பூஜ்யம், ஒரு மூலையில் மட்டும் பிடித்திருந்தால் பரிசு. இது உங்களுக்குத் தெரியாததா?

பெரோ 1992-ல் அதிபர் வேட்பாளர்களின் மூன்று டிவி விவாதங்களிலும் பேசினார். 1996-ல் உள்ளேயே விடவில்லை. 2000-லிருந்து கருத்துக்கணிப்பில் 15 சதவீதம் இருந்தால்தான் மேடை. இந்த விதியைக் கொண்டுவந்த விவாத ஆணையத்தை 1987-ல் அமைத்தது ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டின் தலைவர்களும் சேர்ந்துதான். பந்தியில் ஏற்கெனவே உட்கார்ந்து சாப்பிடுகிற இரண்டு பேரிடம் மூன்றாவது இலை போடலாமா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

அப்புறம் அந்தப் பழைய "ஓட்டைப் பிரித்தார்" பல்லவி. 2000-ல் ஃபுளோரிடாவில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு 97,488 ஓட்டு, அங்கே அல் கோரைப் புஷ் ஜெயித்தது 537 ஓட்டு வித்தியாசத்தில். என் மைத்துனர் டாம்பாவில் அந்த 97,488-ல் ஒருவர். ஈராக் போருக்கே அவர்தான் காரணம் என்பதுபோல ஒவ்வொரு தீபாவளிக்கும் வாங்கிக்கட்டிக்கொள்கிறார். அன்று ஓட்டே போடாமல் வீட்டில் தூங்கின லட்சக்கணக்கான பேரை ஒருவரும் கேட்பதில்லை. பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று போடவிட்டால் இந்தச் சண்டையே வராது. மெய்ன் மாநிலத்தில் 2018-லிருந்து போடுகிறார்கள், அலாஸ்காவில் 2022-லிருந்து. மிசௌரியில் 2024-ல் தடையே போட்டுவிட்டார்கள், பயம் இல்லாமலா? 2000-லேயே இதைப் பற்றி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த வாரம் நீங்கள் போட்டது பூசணிக்காய் அல்வா செய்முறை. நன்றாகத்தான் இருந்தது.

சரி, கேட்க வந்ததைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரையோடு வந்த அட்டவணையில் பெரோ பெயருக்கு நேரே "எலக்டோரல் ஓட்டு 19" என்று இருக்கிறது. அது சதவீதம், ஐயா. ஓட்டு 0. இந்தக் கடிதமும் கூடைக்குப் போனால் போகட்டும், அந்த 19-ஐ மட்டும் திருத்திவிடுங்கள்.

டாலஸிலிருந்து ஒரு பழைய சந்தாதாரர்