ஆம்புலன்ஸ் நிலையத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் ஆம்புலன்ஸ் நிலையத்தின் திருப்பணி முடிந்து, வண்டிகள் இரண்டும் புதிய கொட்டகைக்கு வந்துவிட்டன. தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கைத் தனியாக அனுப்புகிறோம். என்ன கட்டினோம், ஏன் அப்படிக் கட்டினோம், நீங்கள் கேட்டதில் எதை விட்டோம் என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

கிராமத்து ஆம்புலன்ஸுக்கு நோயாளியின் வீடும் தூரம், ஆஸ்பத்திரியும் தூரம். அந்தத் தூரத்தைச் செங்கல்லும் சிமென்ட்டும் குறைக்காது. ஆனால் அழைப்பு வந்ததிலிருந்து வண்டி கிளம்பும் வரை வீணாகும் நேரத்தைக் குறைக்கலாம். வண்டி போய்ச் சேரும் வரை நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்காமல் இருக்கவும் வழி செய்யலாம். வந்த யோசனைகளையெல்லாம் இந்த இரண்டில் எதற்கு உதவும் என்று கேட்டுத்தான் ஏற்றோம், தள்ளினோம்.

கொட்டகைக்கு முன்னும் பின்னும் கதவு வைத்திருக்கிறோம். வண்டி பின்வாசலில் நுழைந்து முன்வாசலில் வெளியேறும். தூக்கக் கலக்கத்தில் ரிவர்ஸ் எடுக்கும் வேலையே இல்லை. முதலில் வந்த கதவின் உயரம், வண்டிக் கூரைமேல் இருக்கும் சுழல் விளக்கையும் ஆன்டெனாவையும் கணக்கில் எடுக்காமல் செய்யப்பட்டிருந்தது. திருப்பி அனுப்பி, சரியானது வரும் வரை காத்திருந்தோம். திறப்பு தள்ளிப்போனதற்கு முக்கியக் காரணம் அதுதான். நிற்கும் வண்டிக்கு மேலிருந்து ஒரு சார்ஜ் கேபிள் தொங்கும். மானிட்டர், தொண்டையில் அடைக்கும் சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் கருவி எல்லாவற்றின் பேட்டரியும் அதில்தான் நிரம்புகின்றன. சாவியைத் திருப்பி என்ஜினைக் கிளப்பினால் பிளக் தானாகவே கழன்றுகொள்ளும்.

வண்டி நிற்கும் இடத்துக்கும் பணியாளர் அறைக்கும் நடுவே இரட்டைக் கதவு போட்டு ஒரு சிறு நடை விட்டிருக்கிறோம். இடம் வீணாகிறதே என்று சிலர் கேட்டீர்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. இரவெல்லாம் அந்தப் புகை புகும் அறையில் ஆளைப் படுக்க வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கழுவுமிடத்துக்குத்தான் அதிகம் யோசித்தோம். சாலை விபத்திலிருந்து திரும்பும் வண்டியின் உள்ளே பார்த்தவர்களுக்குத் தெரியும்: ரத்தம் தரையில் மட்டுமா இருக்கிறது? ஸ்ட்ரெச்சர் பெல்ட்டின் மடிப்பில், ஸ்ட்ரெச்சரை வண்டித் தரையோடு பூட்டும் தண்டவாளத்தின் இடுக்கில், கதவுக் கைப்பிடியின் உட்புறத்தில் எல்லாம் காய்ந்து ஒட்டியிருக்கும். அதன்மேல் நேரே குளோரினை ஊற்றினால் பாதி பலன்தான், ஏனென்றால் ரத்தமே குளோரினைத் தின்றுவிடும். முதலில் உறிஞ்சுதாளால் ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் 0.5 சதவீதக் குளோரின் கரைசலைப் பூசிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது அந்தப் பத்து நிமிடம்தான். அதனால் பெல்ட்டும் மெத்தை உறையும் ஒரு செட் கூடுதலாக வாங்கிவிட்டோம். ஒன்று ஊறிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றை மாட்டிக்கொண்டு வண்டி கிளம்பலாம். தரை, வடிகாலை நோக்கிச் சரிவாக இருக்கிறது. அழுக்கான சாமான் போகும் பாதையும் சுத்தமான சாமான் வரும் பாதையும் எங்கும் குறுக்கிடாது.

ஆக்சிஜன் சிலிண்டர்களுக்குக் காற்றோட்டமுள்ள தனி அறை. நிரம்பியவையும் காலியானவையும் தனித்தனி வரிசையில், சங்கிலியால் கட்டி நிற்கின்றன. வால்வில் எண்ணெய்ப் பிசுக்கோ கிரீஸோ பட்டால் அழுத்தமான ஆக்சிஜனில் தீப்பிடிக்கும் என்பதால் மெக்கானிக் வேலை அந்தப் பக்கமே வரக்கூடாது என்று விதி வைத்திருக்கிறோம். இவ்வளவு கையிருப்பு எதற்கு என்ற கேள்விக்குக் கணக்கே பதில்: 1,500 லிட்டர் கொண்ட சிலிண்டரில் நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நகரத்து வண்டிக்கு அது தாராளம். வழியில் பாலம் மூடிச் சுற்றுவழியில் போக நேர்ந்தால் நமக்கு அது போதாமல் போகலாம்.

மருந்து அலமாரிகளில் பெயரோடு எண்ணும் ஒட்டியிருக்கிறோம். இது எங்கள் கண்டுபிடிப்பில்லை. ஆஸ்திரேலியாவில் 1928இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை, 1942 முதல் தொலைதூரப் பண்ணைகளுக்கு எண்ணிட்ட மருந்துப் பெட்டிகளைக் கொடுத்து வைத்தது. மருத்துவர் ரேடியோவில் எண்ணைச் சொல்வார், அங்கே இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். நம் நிலைய அலமாரியிலும் வண்டிகள் இரண்டிலும் இப்போது ஒரு மருந்துக்கு ஒரே எண்தான். எந்த வண்டியில் யார் ஏறினாலும் கை தேடாது.

பணியாளர் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. வரைபடத்தில் அதற்குப் பெயர்கூடப் போடவில்லை. மாநகர ஆம்புலன்ஸில் வேலை செய்பவருக்கு நோயாளி பெரும்பாலும் முன்பின் தெரியாதவர். இங்கே அப்படியில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர் பள்ளியில் கூடப் படித்தவராக இருப்பார், வீட்டுக்குக் கரன்ட் இழுத்துக் கொடுத்தவராக இருப்பார். அவர் இறந்துபோனால், மறுநாள் கடையில் அவர் மனைவியை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். "கடைசியில் ஏதாவது சொன்னாரா?" என்று அந்த அம்மா கேட்பார். இந்த வேலையை விட்டுப் போனவர்களோடு பேசியபோது ஊதியத்தைவிட, தூக்கம் கெட்டதைவிட, இதைத்தான் அதிகம் சொன்னார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார, கூடப் போனவரோடு நடந்ததை மெதுவாகப் பேச ஓர் இடம் வேண்டும். அதற்குத்தான் அந்த அறை. அதைச் சாமான் அறையாக மாற்றலாம் என்ற யோசனை இரண்டு கூட்டங்களில் வந்தது. இரண்டிலும் மறுத்தோம், இனியும் மறுப்போம்.

அலங்கார வளைவு, பளிங்குத் தரை, நன்கொடையாளர் பெயர்ப் பலகை மூன்றையும் விட்டுவிட்டோம். பளிங்கு ஈரத்தில் வழுக்கும் என்பது ஒரு காரணம். பலகை விஷயத்தில் சிலருக்கு வருத்தம் இருக்கிறது, அது எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் கூலியைக் கொடுத்தவரையும் பெரிய தொகை கொடுத்தவரையும் எந்த வரிசையில் எழுதுவது என்று எங்களால் முடிவுசெய்ய முடியவில்லை, அவ்வளவுதான். எல்லாப் பெயர்களும் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன.

திருப்பணியின் மறுபாதி நிலையத்துக்கு வெளியே நடந்தது. திடீரென இதயம் நின்றவருக்கு யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால், பிழைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நிமிடத்துக்கும் 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. நம் வண்டி எவ்வளவு விரைந்தாலும் அந்த ஓட்டத்தில் ஜெயிக்காது. அதனால், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவிகளை மக்கள் கூடும் இடங்களிலேயே பெட்டியில் வைத்திருக்கிறோம். 1965இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் டாக்டர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் ஆம்புலன்ஸில் ஏற்றிய முதல் டிஃபிப்ரிலேட்டர், கார் பேட்டரியில் இயங்கியது, எடை சுமார் 70 கிலோ. இன்று அதே வேலையைச் செய்யும் கருவியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஒரு கையில் தூக்கி வரலாம். அது வாய்திறந்து பேசும், சொன்னபடி செய்தால் போதும். அதிர்ச்சி தேவையில்லாதவருக்கு நீங்கள் பொத்தானை அழுத்தினாலும் கொடுக்காது.

பெட்டிகளைப் பூட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். திருடு போகாதா என்று கேட்டார்கள். போகலாம். சாவி வைத்திருப்பவரை நடுராத்திரியில் தேடி ஓடும் நிமிடங்களைவிட அந்த நஷ்டம் சிறியது என்பது எங்கள் எண்ணம். ஆனால் கருவியின் ஒட்டும் பட்டைகளில் உள்ள ஜெல் நாளாக ஆகக் காய்ந்துவிடும், பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்து வீட்டார் ஒருவர் பொறுப்பு எடுத்திருக்கிறார். பச்சை விளக்கு எரிகிறதா, காலாவதித் தேதி தாண்டாமல் இருக்கிறதா என்று மாதாமாதம் பார்த்துச் சொல்வார்.

கருவி வரும் வரை கைதான் இதயம். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மிகாமல் அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். பயிற்சிக் கூடத்தில் இருக்கும் பொம்மை, ஆழம் சரியாக இருந்தால் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். முதல்முறை வருபவர்கள் எல்லாரும் பயந்து பயந்து மேலாக அழுத்துகிறார்கள். அந்தச் சத்தம் வந்த பிறகுதான், இவ்வளவு பலமாகவா என்று நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

வண்டி வெறும் விபத்துக்கு மட்டும் ஓடுவதில்லை என்பதும் உறுப்பினர்கள் மனதில் இருக்க வேண்டும். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்ப வழியில்லாத முதியவர்கள் இருக்கிறார்கள். அதுவும் நம் வேலைதான். ஆனால் ஒரு வண்டி அப்படி நீண்ட பயணம் போய்விட்டால் இங்கே யாருமில்லை. இரண்டாவது வண்டிக்கு இடம் விட்டதும், முன்கூட்டியே திட்டமிடும் பயணங்களுக்குத் தனிப் பதிவேடு வைத்ததும் அதற்காகத்தான்.

மீதமிருப்பது கொஞ்சம். கரன்ட் போனால் ஜெனரேட்டருக்குத் தானாக மாறும் சுவிட்ச் இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை கையால்தான் மாற்ற வேண்டும். ஒப்பந்தக்காரரின் குறை நீக்கும் காலம் முடிவதற்குள் கூரையில் கசிவு தெரிந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள், வாய்மொழியாகச் சொன்னால் கணக்கில் வராது. உள்ளடங்கிய வீடுகளின் வாசலில் பொருத்தும் ஒளிரும் எண் பலகைகள் நிலையத்தில் கிடைக்கும். இன்னும் வாங்காதவர்கள் வந்து வாங்கிக்கொண்டு, சாலையிலிருந்து பார்த்தால் தெரியும்படி, செடி மறைக்காத இடத்தில் மாட்டுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு