செயலாளரின் ஆண்டறிக்கை: திகதிகளோடு ஓராண்டு

தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளருக்கும், மின்விசிறிக்குக் கீழே முதலிலேயே இடம் பிடித்துவிட்ட மூத்த உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். திருகோணமலையோடு தொடர்புள்ள நிகழ்வுகளை அவை நடந்த திகதியிலேயே நினைவுகூர வேண்டும். காலையில் வாசிகசாலைச் சுவரில் இருக்கும் கரும்பலகையில் நாலு வரி எழுத வேண்டும். முடிந்தால் மாலையில் ஒரு கூட்டமும் வைக்க வேண்டும். பலகை ஒரு தடவையும் தவறவில்லை. கூட்டம் பல தடவை தவறியது.

முதல் நிகழ்விலேயே பிழை விட்டேன். 1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. துண்டுப்பிரசுரத்தில் அது ஏப்ரல் 19 என்று அச்சாகிவிட்டது. அச்சகத்தைக் குறைசொல்ல வழியில்லை, பிழை திருத்திக் கொடுத்தவன் நான்தான். அதனால் 9ஆம் திகதி கூட்டத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதிலும் பாதிப்பேர் புத்தாண்டுக்கு உடுப்பு வாங்கப் போகிற வழியில் தலைகாட்டியவர்கள்.

இருந்தாலும் பேச்சு நன்றாக இருந்தது. 'சகாயிங்' கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே எரிந்த கதையையும், அதன் உடலைக் கடற்படையினர் 2018இல் மேலே கொண்டுவந்ததையும் ஓர் இளைஞர் படங்களுடன் விளக்கினார். தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து முதல்நாள் இரவே இங்கிருந்து புறப்பட்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹேர்மிஸ்', தன் விமானங்கள் இல்லாமலே போய் மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்களிடம் அகப்பட்டு மூழ்கியது. அதில் 307 பேர் இறந்தார்கள். துறைமுகத்தில் நின்றிருந்தால் தப்பியிருக்குமா என்று ஒருவர் கேட்க, தேநீர் ஆறும்வரை விவாதம் நடந்தது.

அப்புறம் 19ஆம் திகதி துண்டுப்பிரசுரத்தை நம்பிச் சிலர் வந்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்க எழுந்தேன். எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே எழுந்தார். 1944இல் இதே ஏப்ரல் 19 அன்றுதான், திருகோணமலையிலிருந்து போன நேச நாட்டுக் கப்பல்களின் விமானங்கள் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின என்று அரைமணி நேரம் பேசினார். என் மானம் தப்பியது. ஐயாவுக்கு நன்றி.

ஏப்ரல் 24, பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் நாள். சுவாமி மலையில் இருக்கும் தூணில் அவள் பெயரும் 1687ஆம் ஆண்டும் ஒல்லாந்த மொழியில் பொறித்திருக்கின்றன. காதலன் கப்பலேறிப் போனதைப் பார்த்துக் கடலில் குதித்தாள் என்று சுற்றுலா வருகிறவர்களுக்கு இன்றும் கதை சொல்கிறார்கள். அவளோ அதற்குப் பிறகும் உயிரோடிருந்து திருமணம் செய்துகொண்டதாக ஒல்லாந்தர் பதிவுகளிலிருந்து தெரிகிறது. இதைப் பலகையில் எழுதியதற்கு இரண்டு ஓட்டோக்காரத் தம்பிமார் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். அந்தத் தூண் இடிக்கப்பட்ட பழைய கோணேசர் கோயிலின் தூண் என்று கருதப்படுகிறது. எனக்கு அந்தத் தூணின் கதைதான் பெரிது.

கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த நாளைப் பற்றி நிர்வாகக்குழுவில் ஒரு மாலை முழுக்க வாக்குவாதம். புத்தாண்டு அன்று சுவாமி ஊர்வலம் போன நேரம் பார்த்து உள்ளே புகுந்தார்கள் என்பது வழிவழிக் கதை. சிலர் 1622 என்கிறார்கள், சிலர் 1624 என்கிறார்கள். கடைசியில் இரண்டையும் எழுதினோம். கோட்டை வாசலில் இரட்டைக் கயல் செதுக்கிய கல்லைப் பார்க்கச் சிறுவர்களை அழைத்துப்போனோம். அதற்கு முன்னால் நின்று செல்பி எடுக்கவே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

1782ஐப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. ஜனவரியில் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுக்காரரான சஃப்ரன் பிடித்தார், செப்டெம்பர் 3 அன்று வெளியே கடலில் பெரிய சண்டை. ஒரே ஆண்டில் மூன்று கொடிகள். 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் மறுபடி வந்தவர்கள், கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனது 1957 ஒக்டோபர் 15 அன்று.

இந்த இடத்தில் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்வியைப் பதிவு செய்ய வேண்டும். "இதெல்லாம் கோட்டையைப் பிடிச்சவன்ர திகதி. எங்கட திகதி எது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

அவரே அடுத்த வாரம் உப்புவெளியிலிருந்து தன் பெரியம்மாவை அழைத்து வந்தார். பிறந்த திகதி கேட்டால் அந்த ஆச்சி "யப்பான்காரன் குண்டு போட்டதுக்கு அடுத்த வருசம்" என்கிறார். மூத்த மகனுக்குத் திகதி "சூறாவளி வருசம்". அது 1964. டிசம்பர் 22 அன்று எங்களை அடித்த அதே சூறாவளிதான் அன்றிரவே தனுஷ்கோடியையும் அழித்தது. கூரை பறந்ததையும், கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்ததையும் ஆச்சி சொல்லச் சொல்ல ஒருவரும் எழுந்து போகவில்லை. ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் அதுதான், அன்று பேச்சாளர் என்று யாரும் இருக்கவில்லை.

நவம்பர் 23 அன்று, 2021இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து இறந்த பாடசாலைப் பிள்ளைகளுக்காக விளக்கேற்றினோம். கிண்ணியா உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். டிசம்பர் 26, சுனாமி நாள். ஜனவரி 2, 2006இல் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் நாள். இந்த இரண்டு நாளும் பலகையில் திகதியை மட்டும் எழுதினோம். ஊருக்கு அதற்குமேல் எழுதிக் காட்டத் தேவையில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரு கூட்டத்துக்கு முன்பணம் கட்டியிருந்த மண்டபத்தைத் திருமண வீட்டாருக்கும் கொடுத்துவிட்டார்கள். ஆல மரத்தடியில் கூடினோம், ஒலிபெருக்கி இல்லை, காகங்கள் இருந்தன. முன்பணம் இன்னும் வரவில்லை. சந்தா நிலுவையைப் பொருளாளர் பெயரோடு வாசிப்பதாக இருக்கிறார், அதற்குமுன் கட்டிவிடுவது நல்லது.

வரும் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் போய், அவர் எந்த வருசத்தை எந்தப் பெயரால் சொல்கிறார் என்று கேட்டு எழுதி வாருங்கள். திகதி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள். பலகைக்குக் கறுப்புப் பூச்சு பூச வேண்டும், வெண்கட்டியும் முடிந்துவிட்டது. இரண்டுக்கும் சபை அனுமதி தந்து, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
திருகோணமலை