எட்ட நின்று கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் மகனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆவணக் காப்பகம் ஒன்றில் பழைய தாள்களை ஸ்கேன் செய்து, பெயரிட்டு, கணினியில் ஏற்றும் வேலை. ஆட்டிசம் உள்ள பிள்ளை. கையால் எழுதுவதும் அவனுக்குப் பெரும்பாடு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து இன்றுவரை அவனுக்குத் துணை நின்றவர்களுக்கு நேரில் சொன்ன நன்றி போதவில்லை என்று தோன்றியதால் இந்த மடல். எழுதியதை அவனிடம் படித்துக் காட்டினேன். இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். மீதிக்குச் சம்மதம்.

சிறப்பாசிரியர் டீச்சர், உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டில் எல்லோரும் பொதுத் தேர்வைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், “பள்ளிக்கூடம் முடிந்த மறுநாள் காலையில் இவன் எங்கே போவான்?” என்று கேட்டவர் நீங்கள். எங்களிடம் கேட்டதோடு நிற்காமல் அவனிடமும் கேட்டீர்கள். பல நாள் கழித்துப் பதில் வந்தது: “சத்தம் இல்லாத இடம். ஒரே மாதிரி வேலை. பழைய காகிதம்.” அதற்குப் பிறகு போட்ட திட்டமெல்லாம் அந்த மூன்றிலிருந்து கிளைத்தவைதான்.

பை அடுக்கக் கற்றுக்கொடுத்ததை மறக்க முடியாது. முதலில் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். பிறகு வாயைத் திறக்காமல் விரலால் காட்டினீர்கள். பிறகு பட அட்டை. கடைசியில் அட்டையும் மேசைக்குள் போய்விட்டது. எந்த உதவியைத் தொடங்கும்போதும் அதை எப்போது நிறுத்துவது என்றும் உங்கள் நோட்டில் குறித்து வைத்திருந்தீர்கள். பெற்றவளுக்கு அது லேசில் வராத கலை. அவன் ஷூ லேஸோடு மல்லுக்கட்டும்போது என் கை தானாக நீளும். “அம்மா, கையைக் கட்டிக்கொள்ளுங்கள்” என்பீர்கள்.

கணக்கு ஐயாவுக்கு வணக்கம். ஒரு தாளில் பத்துக் கணக்கு இருந்தால் அவன் எதையும் தொடமாட்டான். நீங்கள் அதே தாளை மடித்து, ஒன்று மட்டும் தெரியும்படி நீட்டினீர்கள். பத்தையும் போட்டான். “இவனுக்கு இவ்வளவு போதும்” என்று பாடத்தை வெட்டாத உங்கள் பிடிவாதம்தான் பிறகு கல்லூரி வரை வந்தது.

தேர்வில் அவன் வாயால் சொல்லும் விடையை எழுதித்தர ஸ்க்ரைப்பாக வந்த மகளே, அவன் சொன்னதை மட்டும் எழுதினாய், சொல்லாததை எழுதவில்லை. “தப்பான விடைன்னு தெரிஞ்சும் எழுதினப்போ கை நடுங்கிச்சு ஆன்ட்டி” என்று வெளியே வந்து சொன்னாயே, அந்த நடுக்கத்துக்காகவே உனக்குத் தனி நன்றி. வாங்கிய மதிப்பெண் முழுக்க அவனுடையது என்று நாங்கள் தலைநிமிர்ந்து சொல்ல முடிகிறது. தனி அறையும் கூடுதல் நேரமும் விதிப்படி கிடைத்தவை. ஆனால் கடகடத்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாரே மேற்பார்வையாளர், அது எந்த விதியிலும் இல்லை.

வகுப்புத் தோழர்களே, நீங்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. அவனைக் கேலி செய்தீர்கள். அவன் திருப்பிச் செய்தபோது வாங்கியும் கட்டிக்கொண்டீர்கள். அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

பள்ளியில் அவனுக்கு என்ன தேவை என்று ஆசிரியர்களே தேடி வந்து கேட்டார்கள். கல்லூரியில் அவனே போய்ச் சொன்னால்தான் உண்டு. பல பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான் என்று நினைக்கிறேன். முதலில் போன இடத்தில் “இதற்கெல்லாம் இங்கே ஏற்பாடு இல்லை” என்று விண்ணப்பத்தைக்கூட வாங்கவில்லை. அன்றைக்கு டீச்சர்தான் ஐ.நா.வின் 2006-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை எடுத்துக் காட்டினார். அதன் 24-ஆம் பிரிவின் கடைசிப் பத்தி, உயர்கல்வியிலும் தொழிற்பயிற்சியிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பையும் அதற்கு வேண்டிய நியாயமான ஏற்பாடுகளையும் அரசுகள் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. “சண்டை போட இல்லை, கெஞ்சாமல் பேச” என்று சொல்லி நகலெடுத்துத் தந்தார்.

அடுத்த கல்லூரியில் அதைக் கோப்பிலிருந்து எடுக்கவே தேவைப்படவில்லை. துறைத்தலைவர் என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்து, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்றார். அவன் தானே சொல்லித் தட்டச்சு செய்த ஒரு பக்கத் தாளை நீட்டினான். “ஒரு நேரத்தில் ஒன்று சொல்லுங்கள். கண்ணைப் பார்க்காவிட்டாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பாடக் குறிப்பை முன்னாலேயே தாருங்கள். விடையைத் தட்டச்சு செய்து தருவேன்.” ஐயா, அதை நகலெடுத்து எல்லாப் பேராசிரியர்களுக்கும் கொடுத்தீர்கள், அவனிடம் அனுமதி கேட்டுவிட்டு. (அந்தத் தாளின் மாதிரியைக் கேட்கும் பெற்றோருக்குத் தருகிறேன். வாசகங்களை மட்டும் உங்கள் பிள்ளையே சொல்லட்டும்.)

வேலைப் பயிற்றுநர் தம்பி, அவனுக்கு முன்னால் நீங்கள் தனியாகப் போய் அந்த வேலையைச் செய்து பார்த்தீர்கள். ஊசியைக் கழற்று, மடிப்பை நீவு, ஸ்கேன் செய், பக்க எண்ணைச் சரிபார், கோப்புக்குப் பெயரிடு என்று படிகளை எழுதினீர்கள். அவன் பக்கத்து நாற்காலியில் இருந்து அடுத்த மேசைக்கும், அங்கிருந்து வராந்தாவுக்கும், பிறகு தொலைபேசிக்கும் தள்ளிப் போனீர்கள். இப்போது அவன் உங்களைக் கூப்பிடுவதே இல்லையாமே! வருத்தப்படாதீர்கள், சம்பளம் வாங்கியதும் முதலில் உங்களிடம்தான் சொன்னான்.

அலுவலக மேலாளர் அவர்களே, “சாப்பிட்டுவிட்டு வா” என்றதும் போனவன் வெகுநேரம் திரும்பவில்லை. எப்போது வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே! நீங்கள் கோபப்படாமல் “1.00 – 1.30” என்று எழுதிச் சுவரில் ஒட்டினீர்கள், எல்லோருக்கும் பொதுவாக. மற்றவர்களுக்குள்ள அதே சம்பளம் தருகிறீர்கள். பக்கம் விட்டுப்போனால் மற்றவர்களைப் போலவே திட்டவும் செய்கிறீர்கள். அதற்கும் சேர்த்து நன்றி.

அவன் சேர்க்கச் சொன்ன ஒன்று: ஜன்னலோர ஸ்கேனரின் மூடி சரியாக மூடவில்லை. பலமுறை சொல்லிவிட்டானாம். இதை எழுதினால் உடனே சரிசெய்வார்கள் என்கிறான்.

நன்றியுடன்,
அவன் அம்மா