ஆட்டுக்குட்டி வாங்கித் தராதே, கோமதி

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே! இனி உன் வீட்டில் எந்தச் சாமானும் வைத்த இடத்தில் இருக்காது. இங்கே அரிசோனாவில் மழை பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

உங்கள் மகளிர் குழு சேர்த்த பணத்தில் இங்குள்ள நவஹோ பழங்குடிப் பெண்களுக்குச் செம்மறிக்குட்டி வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஆடு அவர்களிடமே இருக்கிறது. ஆடு வளர்ப்பதை நாம் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. இல்லாதவை இரண்டு: தன் பேரில் மேய்ச்சல் பர்மிட், பட்டிக்கு அருகில் தண்ணீர்.

பர்மிட் கதை பழையது. டினே (தங்களை அவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்) தாய்வழி மக்கள். மந்தையில் பெரும்பங்கு பெண்களுடையது. 1930களில் மேய்ச்சல் மிஞ்சி மண் அரிக்கிறது என்று சொல்லி அமெரிக்க மத்திய அரசு மந்தைகளை வலுக்கட்டாயமாகக் குறைத்தது. அதிகாரிகள் உட்கார்ந்து பேசியது ஆண்களோடு. பின்னால் கொடுத்த பர்மிட்டுகளும் பெரும்பாலும் குடும்பத் தலைவன் பேரில்தான்.

பர்மிட்டில் எல்லாமே ஆட்டுக் கணக்கு. ஒரு மாடு 4 ஆடு, ஒரு குதிரை 5 ஆடு. 80 ஆட்டுக்கான பர்மிட் என்று வைத்துக்கொள். அண்ணனுக்கு 5 குதிரையும் 5 மாடும் இருந்தால் 45 போயிற்று. தினமும் மேய்க்கிற தங்கைக்கு மிச்சம் 35. பர்மிட் வைத்திருந்தவர் உயில் எழுதாமல் இறந்தால் வாரிசு வழக்கு நவஹோ குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும். உடன்பிறந்தவர்கள் ஒத்துப்போகாவிட்டால் பர்மிட் வருஷக்கணக்காகச் செத்தவர் பேரிலேயே கிடக்கும். அதுவரை அந்தப் பெண் மேய்ச்சல் நிலம் சார்ந்த அரசுத் திட்டங்களில் கையெழுத்துப் போடுவது கஷ்டம். நிலம் உன் கையில் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள்.

ஆகவே உங்கள் பணத்தில் முதல் பங்கு வக்கீல் கட்டணத்துக்கும், சான்றிதழ் நகல்களுக்கும், நீதிமன்றம் போய்வர பெட்ரோலுக்கும். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றி எழுத வைத்தால் செலவு ரொம்பக் குறைவு. இதைப் படம் பிடித்து ஆண்டறிக்கையில் போட முடியாது, அதனாலேயே யாரும் இதற்குக் கொடுப்பதில்லை.

அடுத்தது தண்ணீர். கோடையில் ஒரு செம்மறிக்கு நாளுக்குச் சுமார் 8 லிட்டர். பால் கொடுக்கிற ஆட்டுக்கு இன்னும் கூட. 50 ஆட்டுக்கு 400 லிட்டர். கம்பிக்கூண்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி வருமே, அது 1,040 லிட்டர் பிடிக்கும். நிரப்பினால் ஒரு டன்னுக்கு மேல் எடை. சாதாரண பிக்கப் வண்டி 700, 800 கிலோவுக்குமேல் தாங்காது. பின் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும். பாதி நிரப்பினாலோ மண்பாதை வளைவில் தண்ணீர் அலைமோதி வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். இரட்டை அச்சு டிரெய்லர் ஒன்று வாங்கிக் கொடுத்தால் ஒரு நடையில் இரண்டரை நாள் தண்ணீர் வந்து சேரும். தொட்டி உணவுப்பொருள் வந்ததா என்று பார்த்து வாங்க வேண்டும். ரசாயனம் இருந்த தொட்டியைக் கழுவிப் பயனில்லை. வெயில் படாமல் கறுப்புத் தார்ப்பாய் சுற்றாவிட்டால் பாசி பிடித்து அடிக்குழாய் அடைத்துக்கொள்ளும். பனிக்காலத்தில் ராத்திரி வால்வில் தண்ணீர் நின்றால் உறைந்து வெடிக்கும். உபரி வால்வு இரண்டு சேர்த்தே அனுப்புங்கள்.

பக்கத்துக் காற்றாலைக் கிணற்றில் எடுக்கலாமே என்பாய். நவஹோ நிலத்தில் 500-க்கும் மேற்பட்ட கைவிடப்பட்ட யுரேனியம் சுரங்கங்கள் உண்டு. சில கால்நடைக் கிணறுகளில் யுரேனியமும் ஆர்சனிக்கும் இருக்கின்றன. பரிசோதனைக்குப் பணம் ஒதுக்காமல் எந்தக் கிணற்றையும் பழுதுபார்க்கக் கூடாது.

அரசு உதவி இல்லாமல் இல்லை. கடும் வறட்சியில் தண்ணீர் சுமக்கும் செலவுக்கு ஒரு நிவாரணம் உண்டு. ஆனால் வறட்சிக்கு முன்னால் அந்த மேய்ச்சல் நிலத்தில் போதுமான தண்ணீர் வசதி இருந்திருக்க வேண்டும். எப்போதும் சுமந்துகொண்டே இருப்பவளுக்கு அதில் இடமில்லை, பார். குழாய், தொட்டி, வேலி போட ‘ஈக்விப்’ என்ற மண், நீர்வளப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கும், தொழிலுக்கு வந்து 10 வருஷம் ஆகாதவர்களுக்கும் செலவில் 90 சதவீதம் வரை கிடைக்கும். பாதியை முன்பணமாகவும் கேட்கலாம். அதை 90 நாளில் செலவழித்தாக வேண்டும். கடையில் குழாய் வரவே மூன்று மாதம் என்றால் சிக்கல்தான். இன்னொரு பொறி: ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் ஒரு குழி தோண்டினாலும் அந்த வேலைக்குப் பணம் வராது. எனவே மீதி 10 சதவீதத்தையும், பொருளை முன்கூட்டி வாங்கி வைக்க வட்டியில்லாக் கைமாற்றையும் நீங்கள் கொடுங்கள்.

இதற்கெல்லாம் வேளாண் துறை அலுவலகப் படி ஏறவே பலருக்குத் தயக்கம். வடக்கு டகோட்டாவில் மேரிலின் கீப்ஸீகிளும் அவர் கணவரும் இன்னும் சில பழங்குடிப் பண்ணையாளர்களும் கடனில் பாகுபாடு என்று 1999-இல் வேளாண் துறைமேல் வழக்குப் போட்டார்கள். 2010-இல் 76 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று உனக்கு விளங்கும். கூடப் போய் உட்கார்ந்து படிவம் நிரப்ப ஒரு டினே பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்தால், அதைவிட நல்ல செலவு எனக்குத் தோன்றவில்லை.

கம்பளி பற்றியும் கேட்டாய். நவஹோக்கள் வளர்க்கும் சுரோ என்ற செம்மறி இனத்தில் வெளியே நீண்ட முரட்டு மயிர், உள்ளே மெல்லியது. எண்ணெய்ப்பசை குறைவு, அதனால் அலசத் தண்ணீரும் குறைவு. 1970களில் 450-க்கும் கீழே போய்ப் பிழைத்த இனம். மொத்த வியாபாரி வெள்ளையாக, மெல்லியதாகத் தேடுகிறவன். கறுப்புக்கும் பழுப்புக்கும் அடிமாட்டு விலைதான் சொல்வான். நெசவுக்காரிகளிடம் நேரே விற்றால்தான் கட்டும். அதற்கு மயிர் கத்தரிக்கும்போது சுத்தமான விரிப்பு வேண்டும், ஆட்டுக்கு ஒரு பை என்று பிரித்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கயிற்றால் கட்டினால் அதன் நார் கம்பளியில் ஏறிவிடும். அப்புறம் நூற்கும்போது ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதுதான். துணிப்பையும் பருத்திக் கயிறும் போதும்.

குழுவில் கூடிப் பேசிவிட்டு எழுது. டிரெய்லருக்கு இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு வைக்கிறேன். பேத்தி படம் அனுப்ப மறந்துவிடாதே.

உன்
விஜயா